புது டயரின் முடி

— எப்பவும் போலதான் பழனி. இன்னிக்கு நாலு டயரையும் நீல வண்டியில மாட்டு. நாளைக்குக் காலையில மைன்ஸ் கேட்டுல செக்கிங் முடிஞ்சு ஸ்டிக்கர் ஒட்டினதும், மத்தியானமே கழட்டி என் வெள்ளை வண்டியில போட்டுடு. நீல வண்டிக்கு அதோட பழைய டயரு.

— ஆகட்டுங்க மொதலாளி. சும்மா சொல்லக்கூடாது, இதை மாட்டினா உங்க வெள்ளை வண்டி மாப்ள கணக்கா நிக்கும்.

— பழனியண்ணே, கொஞ்சம் இருங்க. அசோக்குமார் சார், டயரு நீல வண்டிக்குன்னு சொல்லித்தானே என்னை இந்த வடக்குத்து டயரு கடை வரைக்கும் இட்டுக்கினு வந்தீங்க?

— உன்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன் தமிழ்நிலா? டயர் நம்பரை ஃபார்ம்ல எழுதி, கீழ சேஃப்டி சூப்பர்வைசர்னு கையெழுத்துப் போடறதுக்கு. இன்ஜினியர் கையெழுத்து இல்லாம கேட்டுல வண்டிய விடமாட்டான். அதுக்காக ஒரு இன்ஜினியர் வச்சிருக்கேன். பாரும்மா, மேட்டர் அவ்ளோதான்.

— நேத்து மழையில மைன்ஸ் குழிக்குள்ள மூணாவது பெஞ்ச்ல, அந்த மூணாம் படியில, களி முட்டி வரைக்கும் நிக்குது சார். நீல வண்டியில வேலையாளுங்க பன்னண்டு பேரு அதுக்குள்ள எறங்கறாங்க. முன்டயர்ல பட்டையே இல்ல, பின்டயர்ல கம்பி எட்டிப் பாக்குது. உங்க வெள்ளை வண்டி எங்க போவுது? கிளப்புக்குப் போவுது, கோயிலுக்குப் போவுது. டவுன்ஷிப்ல வேகத்தடைய விட்டா அதுக்கு வேற என்னா மேடு?

— சனிக்கிழமை கொல்லிமலை போறோம். ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அவனவன் வண்டியோட வர்றான். எழுபது கொண்டை ஊசி வளைவு.

— எழுபதும் தார் ரோடு. அதுல டவுன் பஸ்ஸே ஏறுது.

— ஆஃப்ரோடு கெட்டப்புல போயி இறங்கணும்மா. அதெல்லாம் உனக்குப் புரியாது. பழனி, அந்த இன்னொரு மாடலும் காட்டு, பாத்துடுவோம்.

— இது பாருங்க மொதலாளி, ஆல் டெரெய்ன். தார்லயும் ஓடும், மண்ணுலயும் ஓடும். சத்தம் கம்மி. சும்மா சொல்லக்கூடாது, உங்களுக்கு இதே ஜாஸ்தி. இது மட் டெரெய்ன். கட்டை பெருசு, நடுவுல சந்து பெருசு. களி ஏறினாலும் சக்கரம் சுத்தும்போது தானா தெறிச்சுடும். ஆனா தார் ரோட்டுல மாட்டினீங்கன்னா ஊருக்கே கேக்கும், ஊ...ன்னு.

— கேக்கட்டும். எனக்கு அதுதான் வேணும்.

— மட் டெரெய்ன் எத்தினி செட்டுண்ணே இருக்கு?

— இந்த ரிம்முக்கு ஒரு செட்டுதாம்மா. அடுத்த லோடு கார்த்திகை முடிஞ்சுதான். மைன்ஸ் வண்டிக்காரங்க எல்லாரும் செக்கிங்குக்குன்னு இதத்தானே கேக்குறாங்க.

— அப்ப சாருக்கு ஆல் டெரெய்ன் போட்டு வுடுங்க, மட் டெரெய்ன நீல வண்டிக்கு மாட்டுங்க. ரெண்டு வண்டிக்கும் ஒரே ரிம்தானே.

— நீல வண்டிக்கு எதுக்கும்மா புது டயரு? அதுல ஏத்தறது ஆளுங்கதானே. கண்ணாடியா?

— இன்னொரு தபா சொல்லுங்க சார்.

— கோவத்தப் பாரு. பழனி, இது ஃபர்ஸ்ட் கிராஜுவேட். வீட்ல மொத டிகிரி. இவங்க தெருவுக்கே மொத டிகிரி. அதான் தொட்டா சுடுது.

— எங்க தெருவுல மொத டிகிரிதான் சார். உங்க வூட்ல நீங்க மொத அரியரு. பெரியப்பா மைன்ஸ்ல ஆபீசருன்னு உங்களுக்குக் கான்ட்ராக்ட் வந்துச்சு. எனக்குப் பெரியப்பா இல்ல. அஞ்சு பேரு இன்டர்வியூவுக்கு வந்தாங்க, அதுல நான் செலக்ட் ஆனேன்.

— ஓ. செலக்ட் ஆன. சரி, சரி.

— என்னா சிரிக்கிறீங்க?

— ஒண்ணுமில்லம்மா. ஃபார்ம எடு. டைம் ஆகுது.

— அம்மா, நீங்க நம்பர் எழுதிக்கங்க. வாரம், வருஷம், எல்லாம் ஓரத்துல அச்சடிச்சிருக்கு. பாத்துக்கங்க, ஒரு கீறல் கெடையாது. இந்த முடியத் தொட்டுப் பாருங்க, ரப்பர் முடி. அச்சுலேர்ந்து எடுத்தப்ப நின்னது அப்படியே நிக்குது. இது தரையத் தொட்டதே இல்லன்னு இதுவே சொல்லிடும்.

— ஓட்டினா எத்தினி நாள்ல உதிரும்ணே?

— தார்ல ஒரு வாரம், பத்து நாள். மைன்ஸ் மண்ணுன்னா ஒரே நாளு. களியில ஒருவாட்டி எறங்கி ஏறினா மழிச்சு வுட்டாப்புல ஆயிடும்.

— ஒரே நாளு.

— ஆமாம்மா. ஏன்?

— ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே கார்த்திகையில நீல வண்டி குழிக்குள்ள எறங்கற ரேம்ப்லேர்ந்து சறுக்கிக் கவுந்துச்சே, ஞாபகம் இருக்காண்ணே?

— தமிழ்நிலா, அந்தக் கதைய இங்க ஆரம்பிக்காத.

— எங்க தங்கராசு மாமன் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல நசுங்கிக் கெடந்தாரு. விசாரணை ரிப்போர்ட்டக் கேட்டுக் கேட்டு எட்டு மாசம் கழிச்சு வாங்கினேன். அதுல ஒரு போட்டோ. வண்டி தலைகீழா கெடக்குது, நாலு சக்கரமும் வானத்தப் பாத்துக்கினு. நாலுலயும் மட் டெரெய்ன் டயரு. சந்துல ஒரு பொட்டு களி இல்ல. பெருசு பண்ணிப் பாத்தேன். முடி நிக்குதுண்ணே. நாலு டயர்லயும் முடி நிக்குது.

— எனக்கு... எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா.

— மைன்ஸ் மண்ணுல ஒரே நாள்ல உதிர்ற முடி, செக்கிங்ல புது டயருன்னு காட்டிட்டு ஆறு மாசமா தெனம் எறங்கின வண்டியில எப்படிண்ணே நிக்கும்? இப்பதான் சொன்னீங்க. உங்க வாயாலதான் சொன்னீங்க.

— மொதலாளி...

— பழனி, நீ ஜாக்கிய எடு. போ.

— எங்க போறீங்க? கவுந்து கெடந்த வண்டிக்கு அன்னிக்கு மத்தியானம் யாரு வந்து டயரு மாத்துனது? உள்ள மனுசன் இருந்தாரா அப்ப?

— இல்லம்மா! சத்தியமா இல்ல. எடுத்துக்கினு போயிட்டாங்க. சும்மா சொல்லக்கூடாது... ரத்தம் மட்டும்தான் இருந்துச்சு.

— பழனி!

— வாயில வந்துடுச்சுங்க மொதலாளி.

— அப்ப மொட்ட டயர்ல மாமன எறக்கி வுட்டு, செத்தப்புறம் புது டயரு மாட்டுனீங்க. உசுரோட இருக்கறப்ப மாட்டல. சரிதானே சார்?

— பாரும்மா. டயர் நல்லாத்தான் இருந்துச்சு. டிரைவர் தண்ணியில இருந்தான். ரிப்போர்ட்ல இருக்கு. நீயே வாங்கிப் படிச்ச.

— மாமன் அய்யப்பனுக்கு மாலை போட்டிருந்தாரு சார். நாப்பத்தெட்டு நாளு விரதம். காலையில நாலு மணிக்குப் பச்சத் தண்ணியில குளிச்சுட்டு ஷிஃப்டுக்கு வந்த மனுசன். மாலையோட கெடந்த பொணத்தப் பாத்துக்கினே குடிகாரன்னு எழுதினீங்க. தமயந்தி அத்தை இப்ப என்னா பண்றாங்கன்னு தெரியுமா? காடாம்புலியூர்ல முந்திரிக்கொட்டை ஒடைக்கிறாங்க. அந்த எண்ணெ பட்டு ரெண்டு கையும் பாம்பு சட்டை உரிச்சாப்புல உரிஞ்சு கெடக்குது. குடிகாரன் பொண்டாட்டின்னு வேலை குடுக்க மாட்டேனுட்டீங்க.

— நான் எழுதலியே. சாட்சி சொன்னாங்க. ஷிஃப்டுக்கு முன்னாடி குடிச்சான், நான் பாத்தேன், டயரு புதுசுன்னு ஒரு ஆளு சொன்னான். விசாரணை பண்ணவங்க அதை எழுதிக்கிட்டாங்க. நான் என்ன பண்ண முடியும்?

— அந்த ஆளு பேரு இருக்கற பக்கத்த மட்டும் எனக்குக் குடுக்கல. அன்னிக்கு சைட்ல இருந்த ஒருத்தன் வுடாம கேட்டுப் பாத்துட்டேன். எவனும் வாயத் தொறக்க மாட்டேங்கறான். என்னிக்காவது தெரியும் சார். அவன் சட்டையப் புடிச்சு அத்தை வூட்டு வாசல்ல கொண்டு போயி நிறுத்துவேன். அத்தை கையத் தொட்டுப் பாருடான்னு சொல்லுவேன்.

— நல்ல பொண்ணு. நிறுத்து. இப்ப கையெழுத்துப் போடு.

— மாட்டேன்.

— என்ன?

— இன்னிக்கு மாட்டுற டயரு நாளைக்கு மத்தியானமும் நீல வண்டியிலயே இருக்கும்னா போடறேன். இல்லன்னா மாட்டேன். வேலைய வுட்டுத் தூக்குங்க. வேற எடத்துல வாங்கிக்கறேன். என் டிகிரிக்கு வேலை இல்லாம போயிடாது.

— நாளைக்கு அந்த வண்டிய ஓட்டப் போறது யாருன்னு ஞாபகம் இருக்கா?

— எங்கப்பா. அதனாலதான் மாட்டேங்கறேன். ஒரே வூட்லேர்ந்து ரெண்டாவது ஆளு சார்.

— ராயப்பனையே கேப்போமா? ஸ்பீக்கர்ல போடறேன். கைநாட்டா இருந்தாலும் உன் அப்பனுக்கு உலகம் தெரியும்.

— எங்கப்பா ஒண்ணும் கைநாட்டு இல்ல. நான் மூணாவது படிக்கறப்ப சிலேட்டுல கையப் புடிச்சு எழுதச் சொல்லிக் குடுத்தேன். ராயப்பன்னு முழுசா போடுவாரு. ரா-வுக்குக் காலை நீட்டி வுட்டு, கீழ ஒரு கோடு இழுத்து. பாங்க்ல அவரு கையெழுத்துப் போட்டப்ப எங்கம்மா அழுதுச்சு.

— தெரியும்மா. கீழ ஒரு கோடு. ரிங் போகுது, இரு... ராயப்பா!

— சொல்லுங்க சார். வண்டியக் கழுவிக்கினு இருக்கேன். டயரு வாங்கியாச்சுங்களா?

— வாங்கியாச்சு. உன் பொண்ணு கையெழுத்து போட மாட்டேங்குது. நாளைக்கு செக்கிங் முடிஞ்சதும் டயர் கழட்டக் கூடாதாம்.

— எம்மா, நிலா. போட்டுடும்மா. சாரு கோச்சுக்குவாரு.

— யப்பா, மொட்ட டயர்ல களியில எறங்கப் போறது நீ. அவரு இல்ல.

— நான் பாத்து வுடுவேம்மா. ஓரமா, மெதுவா. ரெண்டு வருசமா வுடல?

— மாமனும் மெதுவாத்தான் வுட்டாரு.

— அத எதுக்கும்மா இப்ப எடுக்கற.

— எதுக்கா? மாத்தின டயரப் புடிச்சுட்டேன்பா. பழனியண்ணன் வாயாலயே வந்துடுச்சு. மாமன் குடிக்கல, டயருதான் சறுக்கிடுச்சு. இனி அந்தப் பொய்ச் சாட்சி எவன்னு தெரிஞ்சா போதும். அவன் புள்ளைங்க தின்ற சோத்துல எங்க மாமன் ரத்தம் இருக்குப்பா. அது செமிக்கவே செமிக்காது.

— நிலா... அப்படில்லாம் சாபம் வுடாதம்மா.

— கேளு ராயப்பா, நல்லா கேளு. எவ்ளோ அழகா பேசுது பாரு. நீ படிக்க வச்ச பொண்ணு.

— சார், போனை வச்சுடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமா போவும்.

— தமிழ்நிலா, உன் வேலை ஆர்டர் எந்தத் தேதியில வந்துச்சு?

— மாமன் காரியம் முடிஞ்ச மறுநாளு. அதுக்கு என்னா?

— இன்டர்வியூவுக்கு அஞ்சு பேரு வந்தாங்கன்னு சொன்னியே. மீதி நாலு பேரை உள்ள கூப்புட்டேனா, வெளியிலயே அனுப்பிட்டேனா, கேட்டியா?

— என்னா சொல்ல வர்றீங்க?

— நான் எதுக்கு சொல்லணும். ராயப்பா, நீ சொல்றியா?

— சார், அவளுக்குத் தெரிய வேணாம்னு சொன்னீங்களே சார். தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே.

— மொதலாளி, நீல வண்டி வந்தா ஜாக்கி போட்டுடலாம்... எம்மா, நீங்க உக்காருங்கம்மா. முகமெல்லாம் வேர்க்குது. தண்ணி கொண்டாரட்டுமா?

— யப்பா. அன்னிக்கு நீ மேல கேட்டுலதானே இருந்த? நீ ஒண்ணும் பாக்கலன்னுதானே சொன்ன?

— வண்டியில இன்னும் சேறு போவலம்மா. கழுவிட்டுப் பேசறேன்.

— யப்பா, வாயத் தொற. அந்தாளு பேரு உனக்குத் தெரியுமா?

— மேடம், உனக்குக் குடுக்காத அந்தப் பக்கத்துல கைநாட்டு இல்ல. கையெழுத்து. அது மட்டும் நான் சொல்லிடறேன். மீதிய அவரே சொல்லட்டும்.

— யப்பா?

— எம்மா... நீ சொல்லிக் குடுத்த கையெழுத்துதாம்மா அது.