வூட்டர் வாக்களித்த கல்

மீன் படகுகள் கரை சேரும் நாட்களில் நான் ஜன்னலைத் திறப்பதில்லை, ஐயா. பாடம் செய்த பறவைகளின் இறகில் ஹெர்ரிங் மீன் வாடை ஏறிவிட்டால் லேசில் போகாது. எங்கள் என்க்ஹாய்சன் துறைமுகத்தில் அபூர்வப் பொருள் சேர்ப்பவர்களுக்கு இது தெரியும். அப்படிச் சேர்ப்பவர்கள் இரண்டே பேர்: மருந்துக்கடை வைத்திருக்கும் நானும், அறுவை வைத்தியர் லாம்பர்ட்டும்.

என் அறையில் குறை ஒன்றும் இல்லை. உத்தரத்தில் முதலை தொங்குகிறது. சங்குகள் மட்டும் இருநூறுக்கு மேல். ஆனால் லெய்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பெரிய மனிதர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, என் வருகைப் புத்தகத்தில் பெயரை மட்டும் எழுதிவிட்டு, "லாம்பர்ட் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். அங்கே அந்தி வரை இருப்பார்கள். காரணம் ஒரு கல். யாரோ ஒரு பழைய மேயரின் மூத்திரப்பையில் விளைந்தது, வாத்து முட்டை அளவு. இரண்டாக அறுத்து மெருகேற்றியிருந்தார். உள்ளே மரத்தில் இருப்பது போல வளையங்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரர் வூட்டர், கப்பல் பாய் தைப்பவர். அவருக்கும் கல் இருந்தது. ஒருநாள் வலி தணிந்த நேரத்தில் அவரே சொன்னார்:

"செத்த பெறகு எனக்கு எதுக்குய்யா இந்தச் சனியன்? நீயே எடுத்துக்க. ஆனா எம் பேரைப் பெருசா எழுதணும், ஆமா."

எங்கள் வழக்கத்தில் அது போதும். அன்றே சீட்டு எழுதினேன். அவர் பெயர், பிறகு இறந்த வருடத்துக்கு 164 என்று எழுதி, கடைசி இலக்கத்துக்கு இடம் விட்டேன்.

வூட்டர் சாகவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் படுப்பார், வசந்தத்தில் எழுந்து ஊசியை எடுத்துக்கொள்வார். 1650 பிறந்தபோது நான்கைச் சுரண்டி ஐந்தாக்கினேன். தாள் அந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. புதிதாக எழுத வேண்டியதாயிற்று. இந்த எரிச்சல் உங்களுக்குப் புரியாது.

நான் சும்மா இருக்கவில்லை. பார்லித் தண்ணீர் நிறையக் குடித்தால் சிறு கற்கள் தானே வெளியேறும். அதனால் தண்ணீரைக் குறைக்கச் சொன்னேன். தினமும் காலையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி கொடுத்தேன். வலி தாங்க அபினிச் சாறும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நாள் தவறியதில்லை. பெற்ற பிள்ளை கூட அப்படிக் கவனித்திருக்காது.

போன மார்ச்சில் அவர் மனைவி அலைடா கடைக்கு வந்தாள்.

"ஒம்ம பொடியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பன்னெண்டு வருஷமாக் குடிச்சு என்னத்தக் கண்டாரு? ஈஸ்டர் முடிஞ்சதும் லாம்பர்ட் அறுத்து எடுத்துடறேன்னுட்டாரு."

அறுத்து எடுத்தவருக்கே கல். இதுவும் எங்கள் வழக்கம்தான். ஓடிப்போய் வூட்டரிடம் கேட்டேன். படுக்கையில் இருந்தபடியே சிரித்தார்.

"மூஞ்சியத் தொங்கப் போடாதய்யா. உன் அலமாரில இல்லேன்னா அவன் அலமாரில. உசுரோட இருந்து என் கல்லை நானே கையில வச்சுப் பாக்கணும்ல?"

"நீ வாக்குக் கொடுத்த, வூட்டர்."

"செத்தாத்தானே கொடுக்கறேன்னேன். நான் எங்கய்யா செத்தேன்?"

அந்த வாரமே வூட்டர் இறந்தார். கடைசி வலிக்கு என் கையால்தான் குடித்தார். வாக்கை நினைத்து அலைடாவும் மறுக்கவில்லை. நான் உடலைத் திறந்தபோது கிண்ணத்தைப் பிடித்திருந்தவள் அவள்தான். கல் லாம்பர்ட்டுடையதைவிடப் பெரிது. அறுத்து, மெருகேற்றி, சீட்டை ஒட்டினேன்.

லாம்பர்ட் பார்க்க வந்தார். என் அறையில் மத்தியானம் முழுக்க இருந்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக. வெள்ளை வளையங்களை எண்ணினார். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கில்லிஸ், இதுல பாதி உன் கடைச் சுண்ணாம்புப்பா" என்றார். பிறகு புகார் கொடுக்க நேராக நீதிமன்றத்துக்கு, உங்களிடம் வந்தார்.

ஆமாம், ஐயா. கடைசிக் கிண்ணத்தில் ஆறு பேருக்கான அபினி இருந்தது. கலக்கியது நான். மிச்சம் வைக்காமல் குடிக்கும்வரை அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்ததும் நான். கல்லுக்காக என்கிறார்கள். இல்லை. வூட்டர் வாக்குத் தவறியவர் என்ற பெயரோடு போகக்கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும். சாட்சிக்காக அந்த இரண்டு பாதிகளையும் எடுப்பவர்களை, ஓரம் உதிராமல் ஈரத்துணியில் ஏந்தச் சொல்லுங்கள். வழக்கு முடிந்த பிறகும் அதை லாம்பர்ட்டிடம் கொடுத்துவிடாதீர்கள்.