பன்னிரண்டாவது பெயராய்ச் சேர்ந்த ஆரோக்கிய ராணி அவர்களுக்கு

கெடிலக் கரையில் பிறந்து, கேள்வி கேட்டே வளர்ந்து, கைத்திறத்தால் உயர்ந்து, கனிவினால் எங்கள் கருத்தில் நிறைந்த அம்மையே! எண்ணெய் படிந்த விரல்களால் எங்கள் கல்லூரிக்கு ஏற்றம் சேர்த்த ஏந்திழையே! இருபது ஆண்டுகள் ஒரு நாளும் பிந்தாமல் மணியடித்து எங்களையெல்லாம் வகுப்புக்கு அனுப்பிய அன்புச் சகோதரி ஆரோக்கிய ராணி அவர்களே! வணக்கம்.

மடல் வாசிக்கப்போகிறோம் என்று போன வாரம் சொன்னபோது, “மூஞ்சிக்கு நேரா நீங்க நீங்கன்னு படிச்சீங்கன்னா நான் எழுந்துபோய் ஷெட்டுல உக்காந்துக்குவேன்” என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் உங்களை மாலையோடு இந்த நாற்காலியில் அமர்த்திவிட்டு, அவையோரைப் பார்த்து, யாரோ ஒரு பெண்மணியின் கதையைச் சொல்வதுபோல் சொல்லப்போகிறோம். முடியும்வரை எழுந்து போகாமல் இருக்க வேண்டுகிறோம்.

பெரியோர்களே! கடலூரில் இந்தச் சமுதாயக் கல்லூரியில் ஆரோக்கிய ராணி அலுவலக உதவியாளராகச் சேர்ந்தது 1992இல். பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, மணியடிப்பது, தபால் கொண்டுபோவது எல்லாம் அவர் வேலை. 2004ஆம் ஆண்டு வாகனப் பழுதுநீக்கும் தொழில்நுட்பர் படிப்பு தொடங்க அனுமதி வந்தது. குறைந்தது பன்னிரண்டு பேர் சேர வேண்டும், சேராவிட்டால் அனுமதி ரத்து. கடைசி நாள் மாலை நாலு மணிக்குக் கணக்குப் பார்த்தால் பதினொரு பேர். முதல்வர் வைத்திலிங்கம் ஐயா விண்ணப்பங்களைக் கட்டி அலமாரியில் வைக்கச் சொல்லி ராணியிடம் நீட்டினார். ராணி கட்டை வாங்கவில்லை.

“பன்னெண்டாவதா எம்பேர எழுதிக்கோங்க சார். நான் எட்டாவது பாஸு.”

முதல்வருக்கு முதலில் மகிழ்ச்சி. படிப்பைக் காப்பாற்றப் பெயர் கொடுக்கிறார், பிறகு விலகிக்கொள்வார் என்று நினைத்து நன்றி சொன்னார். ராணி நிறுத்தினார்.

“பேருக்கு எழுத வேணாம் சார். நான் நெசமாவே படிக்கப்போறேன். பன்னெண்டு வருசமா காலேஜ் வண்டி நிக்கற அந்த ஷெட்ட கூட்டறேன். கீழ கெடக்கற சாமான் ஒண்ணுக்கும் பேரு தெரியாமயே கூட்டறேன்.”

அப்போது அவருக்கு வயது ஐம்பது. மற்ற பதினொருவரும் இருபதைத் தாண்டாதவர்கள். ஆசிரியர் சார்லசுக்கு இருபத்தேழு. அந்த ஆண்டு முழுவதும் பத்து மணிக்கு மணியடித்தவரும் அவரே, அடித்த கையோடு ஓடிவந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்த மாணவியும் அவரே. பாகங்களின் பெயர்களையெல்லாம் தமிழ் எழுத்தில் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டார். அளவுகோலின் சிறிய எண்கள் தெரியவில்லை என்று வகுப்பு தொடங்கிய மாதச் சம்பளத்திலேயே கண்ணாடி வாங்கினார். இறுகிப்போன நட்டு அசையாதபோது மாணவர்கள் உதவிக்கு வந்தால், ஸ்பேனரை விட மாட்டார்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜனவரியில் சார்லஸ் தம் வகுப்பைக் கடலோரக் கிராமமான கிள்ளைக்கு அழைத்துப்போனார். உப்பு நீரில் மூழ்கிய வண்டிகளை இலவசமாகப் பழுதுபார்த்துக் கொடுக்கும் பத்து நாள் முகாம். சைலன்சரைத் தட்டினால் மணல் கொட்டியது. முத்தம்மாள் என்ற பெண்ணின் வாசலில் ஒரு மொபெட் நின்றது. அதில் மீன் ஏற்றி விற்ற கணவர் அலையில் போய்விட்டார். மாணவர்கள் கேட்டுப்போன இரண்டு தடவையும் முத்தம்மாள் வண்டியைத் தொட விடவில்லை. மூன்றாம் நாள் ராணி போனார். வண்டியைப் பற்றிப் பேசவில்லை. வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து முத்தம்மாளே கேட்டார்.

“இத நீங்களா ரிப்பேர் பண்ணுவீங்க?”

“ஆமா. படிக்கறேன்.”

“அப்டின்னா பாருங்க. ஓடுச்சின்னா நானே ஓட்டறேன். ஊட்ல மூணு புள்ளைங்க.”

ராணி அந்த வாசலிலேயே எஞ்சினைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, நனைந்த பாகங்களை வெயிலில் காயவைத்து, இரண்டு நாளில் ஓடவைத்தார். மேலும் இரண்டு நாள் முத்தம்மாளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அதற்குமுன் ராணி எந்த வண்டியும் ஓட்டியதில்லை என்பதை முகாம் முடிந்து திரும்பும்போதுதான் எங்களிடம் சொன்னார்.

இப்படிப்பட்டவர் தேர்வில் முதலிடம் பெற்றார் என்று சொல்லத்தான் எங்களுக்கும் ஆசை. ஆனால் அவர் தோற்றார்.

2005 ஏப்ரலில் சிதம்பரத்தில் ஒரு பணிமனையில் செய்முறைத் தேர்வு நடந்தது. கார் எஞ்சினின் தலைப்பாகத்தைக் கழற்றி, கசிவு தடுக்கும் கேஸ்கட் தகட்டை மாற்றி, மறுபடி பூட்டி, நாலு மணி நேரத்தில் ஓடவைத்துக் காட்ட வேண்டும். தேர்வாளர் சுப்புராயன், கறாரான மனிதர். ராணி போல்ட்டுகளை முறைப்படி சுற்றுச் சுற்றாக இறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில் ஒன்றை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் தளர்த்தி முதலிலிருந்து தொடங்கினார். நேரம் முடிந்தது. சந்தேகத்தோடே மூடியிருக்கலாமே, வண்டி ஓடியிருக்குமே என்று தேர்வாளர் கேட்டார். “இங்க ஓடும் சார். ரோட்ல நின்னுடும்” என்றார் ராணி. அந்தப் பதில் சரி, மதிப்பெண் பூச்சியம். பதினொருவரும் தேறினார்கள்.

அன்று மாலை வீட்டில் மகள் அனிதா, இத்தோடு போதும்மா, காலேஜில் யார் முகத்தில் இனி விழிப்பாய் என்று அழுதாராம். துறைமுகத்தில் சுமை தூக்கும் கணவர் மரியலூர்து சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னதை, ராணி எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

“பெயிலாப்போனா திரும்ப எழுதறது. புள்ளைங்களுக்கு அதானே சொன்னோம்? உனக்கு மட்டும் வேற சட்டமா?”

மறுநாள் பத்து மணிக்கு மணி அடித்தது. ஜூன் மாதம் புதிய வகுப்போடு மறுபடி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மாலைதோறும் அலுவலகத்தைப் பூட்டியபின் சார்லஸ் கையில் கடிகாரத்தோடு நிற்பார், ராணி பழைய எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் பூட்டுவார். நேரம் எங்கே போகிறது என்று இருவரும் எழுதி எழுதிப் பார்த்தார்கள். போல்ட் இறுக்குவதில் போகவில்லை, கருவியைத் தேடுவதில் போகிறது என்று ஆகஸ்டில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ராணி ஒரு பழைய வேட்டியை விரித்து, எடுக்கவேண்டிய வரிசையிலேயே கருவிகளை அடுக்கிவிட்டு வேலை தொடங்கினார்.

2006 ஏப்ரல். அதே சிதம்பரம், அதே சுப்புராயன். மூன்று மணி முப்பத்தைந்து நிமிடத்தில், எல்லாச் சுற்றும் இறுக்கிச் சரிபார்த்து, ராணி சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு முறை திணறியது. வெளியே நின்றிருந்த நாங்கள் வாசலை நெருங்கினோம். மூன்றாவது திருப்பலில் பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஓடியது. சுப்புராயன் வெகுநேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, அணைக்கச் சொன்னார்.

“போன வருசம் நீங்க சொன்னது சரிதாம்மா. ஆனா நேரமும் வேலையில சேர்ந்ததுதான்.”

“ஆமா சார். அத நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க” என்றார் ராணி.

அந்த ஜூலை முதல் பணிமனையில் சார்லசுக்குத் துணையாக நின்று ஆறு ஆண்டுகள் கற்பித்தார். முதல் வாரம் சில மாணவர்கள் ஆயாம்மாவிடமா கற்பது என்று முணுமுணுத்தார்கள். இரண்டாம் வாரம் கிளட்ச் கட்டத் தெரியாமல் அவரிடமே வந்தார்கள். இன்று சிதம்பரத்துச் சர்வீஸ் நிலையங்களில் எங்கள் மாணவர் ஒருவர் துணி விரித்து வேலையைத் தொடங்கினால், “ராணிம்மா பேட்சா?” என்று கேட்கிறார்கள். 2007இல், ராணிக்குப் பின் முதன்முதலாக, இரண்டு பெண்கள் இப்படிப்பில் சேர்ந்தார்கள். இவ்வாண்டு ஏழு பேர். அவர்களில் மூவர், எங்கள் வீட்டில் சம்மதம் வாங்கியது ராணிம்மா வந்து பேசியபின்தான் என்று சேர்க்கைப் படிவத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆரோக்கிய ராணி அவர்களே! இனி உங்களையே பார்த்துப் பேசுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பணிப்பெயரை மாற்றித் தருமாறு நாங்கள் இரண்டு முறை எழுதினோம். வயது வரம்பைக் காட்டி இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள். எனவே பதிவேட்டின்படி இன்று மாலை ஐந்து மணிக்கு ஓய்வு பெறுபவர் ஓர் அலுவலக உதவியாளர். அந்தப் பணியையும் குறையின்றிச் செய்தீர்கள், அதை நாங்கள் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் பதிவேடு எழுதுபவர்கள் நீங்கள் எஞ்சின் பூட்டுவதைப் பார்த்ததில்லை; நாங்கள் பார்த்திருக்கிறோம்.

உழைத்த கைகள் ஓய்வறிந்து உவக்கட்டும்! கண்ணொளி குன்றாது, கால்வலி அண்டாது, கணவரும் மகளும் சூழ, நூறாண்டு நலத்தோடும் நகைமுகத்தோடும் நீங்கள் வாழ்க! கடற்காற்று உங்கள் வாசலுக்கு நல்ல செய்திகளை மட்டுமே கொண்டுவருக!

இப்படிக்கு, பதிவேடு எழுதத் தவறியதை இம்மடலில் எழுதிக் கையொப்பமிட்டு,

“வாகனத் தொழில்நுட்பர் திருமதி ம. ஆரோக்கிய ராணி” அவர்களுக்கு அளிக்கும்,

உடன் பணியாற்றிய பத்தொன்பது பேர்,
கடலூர், 30 ஜூன் 2012, சனிக்கிழமை.