நம்பும்படி ஒரு பயம்

வாக்குமூலத்தை நானே டைப் அடித்துத் தருகிறேன் சார், உங்களுக்கு வேலை மிச்சம். பகலில் ஆம்பூர் தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாலும், அடிப்படையில் நான் கதை எழுதுகிறவன்.

எங்கள் டிரம் ஆபரேட்டர் ஒவைஸைப் பிடித்து வைத்திருப்பது சரியில்லை. முன்விரோதத்தில் மக்பூல் அகமதுவைக் கொன்றுவிட்டான் என்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஒவைஸ் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. இதைக் கதையில் எழுதினால் ஒரு வாசகரும் நம்ப மாட்டார். ஒருவனுக்குப் பொருந்தாத காரியத்தை அவன் தலையில் கட்டக் கூடாது சார்.

என் தொடர்கதையில், டிரம்முக்குள் மாட்டிக்கொள்ளும் தொழிலாளி ஒருவன் வருகிறான். தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு உருட்டும் பெரிய மர டிரம், நீங்களும்தான் பார்த்தீர்களே. கதையை வெளியிடும் சோபனா மேடம் சத்துவாச்சாரியிலிருந்து போன் செய்தார். "இவன் பயப்படுறான்னு நீங்கதான் சொல்றீங்க சார். அவன் பயப்படவே இல்லையே," என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. அவர் சொன்னது உண்மை. எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததே இல்லை.

டிரம்முக்குள் இறங்கிச் சுரண்டிக் கழுவுகிறவர் மக்பூல் பாய். அவரிடம் கேட்டேன். "செருப்பு வெளிய இருக்கிற வரைக்கும் இன்னா பயம் சார்," என்றார். எங்களிடம் அதுதான் பழக்கம். இறங்குகிறவர் டிரம் வாய்க்குக் கீழே செருப்பை விட்டுவிட்டுப் போவார். செருப்பு கிடந்தால் சுவிட்சை ஒருவரும் தொட மாட்டார்கள். சுவிட்சுக்குப் பூட்டும் 'ஆள் உள்ளே' போர்டும் ஆடிட்காரர்கள் வரும் அன்றைக்கு மட்டும் மாட்டுவோம்.

ஒருநாள் அவர் உள்ளே இருந்தபோது செருப்பை எடுத்துச் சுண்ணாம்பு மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். தலையை வெளியே நீட்டியவர் வெறும் தரையைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அப்படித்தான் எழுதியும் இருந்தேன். அவர் கத்தவில்லை. வெளியே வந்து சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். இதெல்லாம் உட்கார்ந்து யோசித்தால் வராது சார். மேடத்துக்கு அந்த அத்தியாயம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனாலும், "வெளிய வந்தப்புறம் பயப்படுறான். உள்ள இருக்கறப்ப?" என்று கேட்டார்.

அதற்குள் பாய்க்கு இறங்குவதென்றாலே பேஜாராகிவிட்டது. தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று அவர் மனைவி நசீமுன்னிசா பளிச்சென்று பச்சைச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். "நீங்க பக்கத்துல நின்னா தைரியமா எறங்குவேன் சார். செருப்ப கொஞ்சம் பாத்துக்கங்க," என்று பாய் என்னிடம் கேட்டார். நானும் நின்றேன்.

அன்றைக்கு அவர் உள்ளே இருந்தபோது எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். செருப்பை எடுத்துவிட்டு, டிரம் கதவைச் சாத்தித் தாழிட்டு, மரத்தில் காதை வைத்தேன். முதலில் சத்தமே இல்லை. பிறகு மெல்ல, "சார், நீங்க வெளியதான இருக்கீங்க?" என்றார். பதில் சொன்னால் பயம் போய்விடும், அதனால் சொல்லவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். போகப் போகக் குரல் குழந்தையின் குரலாகிவிட்டது. அப்புறம்தான் தட்ட ஆரம்பித்தார்.

ஒவைஸ் டீ குடித்துவிட்டு வந்தான். கதவு சாத்தியிருந்தது, செருப்பும் இல்லை. பக்கத்து டிரம்கள் ஓடும் இரைச்சலில் அவனுக்கு ஒன்றும் கேட்காது. உள்ளே தட்டுவது மரத்தில் வைத்திருந்த என் உள்ளங்கைக்கு மட்டும் தெரிந்தது. "காலிதான சார்? ஓட்டட்டுமா?" என்றான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தட்டுவது நின்றுவிட்டது. அவன் குரல் உள்ளே கேட்டிருக்குமோ என்னவோ. இனி அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. தலையசைத்தேன்.

ஒரு சுற்றோடு நிறுத்தச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். கவனமெல்லாம் காதில் இருந்ததில் மறந்துவிட்டது.

சூப்பர்வைசர் தலையசைத்தார் என்று ஒவைஸ் சொன்னதை நீங்கள் நம்பவில்லை; நானும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. சுவிட்சைப் போட்டது அவன் கை. கொன்றது நான். அவனை விட்டுவிடுங்கள்.

செருப்பைத் தான்தான் கவனிக்கவில்லை, தோஸ்தைத் தானே கொன்றுவிட்டோம் என்று நினைத்து அவன் சோறு தண்ணியில்லாமல் கிடப்பதாகக் கான்ஸ்டபிள் சொன்னார். நான் சொன்னதை உடனே அவனிடம் சொல்லிவிடாதீர்கள் சார். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அவனுக்கு எதிரில் என்னை உட்கார வையுங்கள். அப்படி ஒருவன் எப்படி இருப்பான் என்று நான் இன்னும் பார்த்ததில்லை.