நேசையன் கல்லும் ராஜையன் கையும்

கனம் பொருந்திய அக்கிராசனாதிபதி ஞானசிங் அவர்களே! நினைவுக்கல் கமிட்டியின் கண்ணியமிக்க அங்கத்தினர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! விடியுமுன் எழுந்து, கஞ்சி வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே! மீன்கூடையைச் சுவரோரம் இறக்கிவைத்துவிட்டு நின்றபடியே கேட்கும் கடியப்பட்டணத்துச் சகோதரிகளே! மருதன்விளையின் மகாஜனங்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஞானதாசன் வாத்தியாரின் வந்தனம்.

இன்னும் இரண்டு பேருக்கு நான் வந்தனம் சொல்ல வேண்டும். அவர்கள் இந்தப் பந்தலுக்குள் இல்லை. மதிலுக்கு வெளியே, ரோட்டில், உச்சி வெயிலில் நிற்கிறார்கள். ஒருத்தி சத்தியபாய். இதோ துணி போட்டு மூடியிருக்கிறீர்களே ஒரு கல், அதில் பேர் வெட்டப்பட்டிருக்கும் நேசையனுடைய மனைவி. மற்றவன் பனையேறி ராஜையன். அம்மா சத்தியபாய், வந்தனம்! தம்பி ராஜையா, வந்தனம்! நான் கத்துவது உங்களுக்குக் கேட்கும் என்று நம்புகிறேன்.

மகாஜனங்களே! பெரிய யுத்தம் ஓய்ந்து இன்றோடு ஒன்பது வருஷம். கடல் கடந்துபோய்ப் பாஸ்ராவில் மாண்ட நம் ஊர்ப்பிள்ளைக்கு ஒரு கல் நாட்டினோம். நல்ல காரியம். அந்தக் கல்லின் துணியை விலக்கும் கயிற்றை யார் இழுப்பது என்று கமிட்டி கேட்டது. "ராஜையன் அண்ணன் இழுக்கணும்" என்றாள் சத்தியபாய். கமிட்டி கூடியது, குசுகுசுத்தது, தீர்மானம் போட்டது. என்ன தீர்மானம்? 'யுத்தத்தைப் பழித்தவன் வீரனைப் பழித்தவன். ஆகையால் ராஜையன் இந்தக் கல்லைத் தொடக்கூடாது, இந்த வளாகத்துக்குள் காலும் வைக்கக்கூடாது.' அப்படியானால் நானும் உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் அந்த உத்தமி. கட்டியவளை வெளியே நிறுத்திவிட்டு, கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்திருக்கிறீர்கள்!

எவ்வளவு அழகான ஏற்பாடு! எவ்வளவு வெட்கக்கேடான ஏற்பாடு!

அக்கிராசனாதிபதி அவர்கள் மணியை எடுத்துவிட்டார்கள். அடியுங்கள் ஐயா, அடியுங்கள். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவன் நான். மணிச்சத்தத்துக்கு என் பேச்சு நிற்காது.

ராஜையன் யுத்தத்தைப் பழித்தானா? பழித்தான். மறைப்பானேன்? இதே இடத்தில், இதே மேடையில், பதினோரு வருஷத்துக்கு முன், கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்று மாசி மாதம், பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க ஒரு கூட்டம் நடந்தது. தந்திக்கம்பத்தில் ஏறிக் கம்பி கட்ட ஆள் வேண்டும், பனையேறிகளைப் போல ஏறத் தெரிந்தவர் உலகத்தில் இல்லை, புறப்படுங்கள் மருதன்விளைச் சிங்கங்களே என்று ஒரு மனிதன் முழங்கினான். பேண்டு வாத்தியம் ஊதிற்று. மாலைகள் ஆடின. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அப்படி முழங்கின அந்த மனிதன் யார்?

நான்தான். ஏன் தலையைக் குனிகிறீர்கள்? நானல்லவா குனிய வேண்டும்!

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ராஜையன் எழுந்தான். இடுப்பில் பாளை சீவுகிற அரிவாள், காலில் பனஞ்செதில் கீறின காயம். அவன் கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"வாத்தியாரே, ஒரு காரியம் கேக்கட்டா? நம்ம பயக்க அங்க போய்க் கொல்லப்போற ஆளுக்கும் வீட்டுல பெண்டாட்டி பிள்ள உண்டுல்லா? அவன் நமக்கு என்ன கெடுதி செய்தான்?"

கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் வாத்தியார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உக்காருலே, பயந்தாங்கொள்ளி!" என்றேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அவன் உட்காரவில்லை. பந்தலைவிட்டு வெளியே போய்விட்டான். அன்றைக்குப் பேர் கொடுத்தவன்தான் நேசையன்.

அன்று சாயங்காலம் நடந்ததைச் சத்தியபாய் பிற்பாடு எனக்குச் சொன்னாள். நேசையன் ராஜையனைத் தேடி அவன் பனைகள் நிற்கிற விளைக்குப் போனானாம். "அண்ணே, பேரு குடுத்தாச்சு. எனக்க பனையள யாரு பாப்பா?" என்றானாம்.

"போவாதலே மக்கா. ஆயிரம் தடவ சொல்லுவேன், போவாத."

"குடுத்தாச்சு அண்ணே."

"அப்பம் பனைய நான் பாத்துக்கிடுகேன். நீ உசுரோட வந்து சேரு."

தாய்மார்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கமிட்டியில் இரண்டு பேர் பட்டணத்தில் படித்தவர்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். மாசி மாதம் அக்கானி, அதாவது பதநீர், சுரக்கிற காலம். பாளையைக் காலையில் ஒரு தரம் சீவ வேண்டும், மாலையில் ஒரு தரம் சீவ வேண்டும். காய்ச்சலா? ஏறு. கல்யாணமா? ஏறிவிட்டுப் போ. நாலு நாள் சீவாமல் விட்டால் பாளை வறண்டு போகும். அந்த வருஷத்துக் கருப்பட்டியும் போகும், கஞ்சியும் போகும். நேசையனுக்குப் பதினாலு பனை. பதினாலிலும் பாளை கட்டி, கலயம் தொங்கவிட்டிருந்த நேரம் பார்த்துத்தான் நான் அவனைக் கப்பலேற்றினேன்.

மறுநாள் காலை அந்தப் பதினாலு பனையில் ஏறினது யார்? பேண்டு வாத்தியம் ஊதினவனா? மாலை போட்டவனா? மேடையில் முழங்கின நானா? ஞானசிங் அவர்களே, தாங்களா? பயந்தாங்கொள்ளி ஏறினான் ஐயா, பயந்தாங்கொள்ளி! தன்னுடைய இருபது பனையும் ஏறி, நேசையனுடைய பதினாலும் ஏறினான். காலையில் முப்பத்துநாலு, மாலையில் முப்பத்துநாலு. ஒரு நாளைக்கு அறுபத்தெட்டுத் தடவை அந்த மனிதன் நெஞ்சைப் பனையில் உரசி மேலே போய்க் கீழே வந்தான். அக்கானியை அவள் முற்றத்தில் இறக்கிவைத்துவிட்டு, "ஏட்டி சத்தியபாய், அடுப்ப மூட்டு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். ஏறினதற்குப் பங்கு கேட்டானா? ஒரு தேங்காய்ச் சிரட்டைப் பாகு கேட்டானா? கேட்டதில்லை என்று அவளே சொல்கிறாள்.

யாரது பின்னாலிருந்து? 'ராஜதுரோகி' என்றது யார்? எழுந்து நின்று சொல்லும்! ஓ, நீரா? உட்காரும், உட்காரும். உமக்கு இரண்டு மகன்கள். அன்றைக்கு இதே மேடைக்கு எதிரே உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினீர். ஒருவனையாவது அனுப்பினீரா? நான் உம்மைக் குற்றம் சொல்லவில்லை, அனுப்பாதது நல்லது. ஆனால் தன் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு அடுத்தவன் பிள்ளைக்குக் கைதட்டினவர், அந்த அடுத்தவன் குடும்பத்தைச் சுமந்தவனைத் துரோகி என்று சொல்ல வாய் கூச வேண்டாமா?

நேசையன் பாஸ்ராவிலிருந்து ஒரே ஒரு கடிதம் எழுதினான். சத்தியபாய்க்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணை அனுப்பிப் படிக்கச் சொன்னேன். இன்று காலை அந்தக் கடிதத்தை வாங்கி நானே படித்தேன். எழுதியிருக்கிறான்: "இங்கேயும் பனை மாதிரி ஒரு மரம் உண்டு, ஈச்சமரம். அதில் ஏறுகிறவன் இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறான். நான் தந்திக்கம்பத்தில் இருந்தேன், அவன் மரத்தில் இருந்தான். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். எங்கள் துரை அவனைச் சத்துருவின் ஆள் என்று சொல்கிறார். ராஜையன் அண்ணனிடம் இதைச் சொல்லவும்."

கேட்டீர்களா? ராஜையனிடம் சொல்லச் சொன்னான். என்னிடம் சொல்லச் சொல்லவில்லை. அவனை அனுப்பின வாத்தியாருக்கு அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை!

அடுத்த வருஷம் பங்குனியில் தந்தி வந்தது. இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தானே, கொண்டுபோக வேண்டியதாயிற்று. மருதன்விளையின் வீரனை அனுப்பின பிறகு அவன் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. ஒரு வருஷத்தில் ஒரே தடவை, அதுவும் சாவைச் சொல்ல! அவள் அக்கானி காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். கம்பத்தில் இருக்கும்போது குண்டு பட்டது என்று சொன்னேன். அவள் துடுப்பை நிறுத்தவில்லை. "நில்லும் வாத்தியாரே, பதம் வந்துட்டு, விட்டா கரிஞ்சு போவும்" என்றாள். கிண்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் தாடையில் வழிகிறது, கை நிற்கவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாலு அணா மதிப்பில்லாத ஆறுதல் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

அப்போது ராஜையன் பனையிலிருந்து இறங்கி வந்தான். என்னைப் பார்த்தான். என் கையிலிருந்த தந்தியைப் பார்த்தான். அவள் கையிலிருந்து துடுப்பை வாங்கினான். "நீ போய் அழு பிள்ளே, நான் கிண்டுகேன்" என்றான். அவள் குடிசைக்குள் போய்க் கதறினாள். அவன் அழுதுகொண்டே கிண்டினான், அழுதுகொண்டே பாகைச் சிரட்டையில் ஊற்றினான். அன்று மாலை பதினாலு பனையிலும் மறுபடி ஏறினான். பத்து வருஷமாகியும் இன்னும் ஏறுகிறான்.

இப்போது சொல்லுங்கள், நியாயவான்களே! யுத்தத்தை வெறுத்தவன் வீரனை வெறுத்தவனா? அப்படியானால் யுத்தத்தை வாழ்த்தின நான் வீரனை வாழவைத்தேனா? அவன் வீட்டுக் கூரை ஒழுகியபோது நான் ஓலை போட்டேனா? அவன் பிள்ளைக்கு அம்மை கண்டபோது கமிட்டி வேப்பிலை கொண்டுபோயிற்றா? போரை எதிர்த்தவன் ராஜையன். போனவனைச் சுமந்தவனும் ராஜையன். இரண்டும் ஒரே நெஞ்சு! போகாதே என்று சொன்னதும் அன்பு. போன பிறகு பனையேறினதும் அன்பு. இதைப் பிரிக்க உங்கள் தீர்மானத்துக்கு என்ன அதிகாரம்?

நேசையனை நான் குறை சொல்வேனா? என் நாக்கு அழுகிப் போகும்! அவன் நல்லவன், நம்பினவன், கம்பத்தில் ஏறச் சொன்னால் உச்சிவரை ஏறினவன். அவன் தப்பு செய்யவில்லை. அவனை அனுப்பின சொல் தப்பு. அந்தச் சொல் என்னுடையது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒருவனைப் பயந்தாங்கொள்ளி என்றேனே, இன்று பதில் சொல்கிறேன். ராஜையா, அந்த ஊர்க்காரன் நமக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை. அன்றைக்கு இந்தப் பந்தலில் தைரியம் இருந்தவன் நீ ஒருவன்தான். என்னை மன்னித்துவிடு.

மணி அடிக்க வேண்டாம் ஐயா, முடித்துவிட்டேன். இந்தக் கயிற்றை நான் இழுக்கமாட்டேன். நேசையனைக் கப்பலுக்குத் தள்ளின கை, நேசையன் கல்லைத் திறக்கக் கூடாது. இதோ, கயிற்றை மேஜைமேல் வைத்துவிட்டேன். மேடையைவிட்டு இறங்கி வாசலுக்குப் போகப் போகிறேன், அந்த இரண்டு பேரையும் அழைத்துவர. தடுக்க நினைக்கிற கமிட்டியார் வந்து வாசலில் நிற்கலாம். கிழவனைத் தள்ளிவிட்டுத் தடுக்கலாம்.

அட! கடியப்பட்டணத்துச் சகோதரிகள் எனக்கு முன்னால் போய்விட்டார்கள்! வாசல் திறந்தாயிற்று! தாய்மார்கள் எழுந்துவிட்டார்கள். பெரியோர்களும் எழுகிறார்கள். அக்கிராசனாதிபதி அவர்களே, தாங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறீர்களே. சரி, வழியாவது விடுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கோபத்தோடு கேட்ட உங்களுக்கும் என் நன்றி. சபைக்கு வந்தனம்.

ராஜையா, ஏன் வாசலிலேயே நிற்கிறாய்? சத்தியபாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே வா மக்கா. உன் தம்பியின் கல்லைத் திற.