வாயில்லாப்பூச்சியின் டிக்கெட்

ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் வாரப் பத்திரிகை. அந்த இதழை நான் இன்னும் படிக்கவில்லை, காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அக்கா, தொடர்கதையில நம்ம வாயில்லாப்பூச்சி வீட்டை விட்டுக் கிளம்பிட்டா. தனியா பஸ் ஏறி, தானே டிக்கெட் வாங்கிட்டா."

"அவளா? எல்லாத்துக்கும் தலையாட்டுவாளே!"

"தலையாட்டும்போதே யோசிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கா. பதினாலு வாரமா நமக்குத்தான் தெரியல."

கண்டக்டர் வந்தார். இளையவள் தன் டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள். மூத்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பின்னாடி எங்க வீட்டுக்காரர் வாங்கிடுவாரு" என்றாள்.

பஸ் காவிரிப் பாலத்தைக் கடந்தது. அம்மா மண்டபம் நெருங்கும்போது மூத்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அவ எந்த ஊருக்குடி டிக்கெட் வாங்கினா?"