நான்காவது எடை

மேடையில் அமர்ந்திருக்கும் முதலாளி மகுடேஸ்வரன் அவர்களே, வீரபாண்டிச் சாயப்பட்டறைத் தோழர்களே, மைதிலி அம்மையாரைப் பறிகொடுத்துவிட்டுக் கலங்கி அமர்ந்திருக்கும் குடும்பத்தாரே! டையிங் மாஸ்டர் பழனிமுத்துவின் வணக்கம். எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. ஆனால் இன்று பேசாவிட்டால் நான் நன்றி கெட்டவன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நேவி புளூ துணி மூன்று லாட் வெளுத்துப்போனது. உப்பு குறைந்தால் துணியில் சாயம் ஏறாது. "மாஸ்டர் உப்பைத் திருடி வித்துட்டாருங்க" என்று கிளப்பிவிட்டார்கள்; முதலாளியும் நம்பிவிட்டார். பதினெட்டு வருடம் உழைத்தவனுக்குத் திருட்டுப் பட்டம்! வீட்டுக்கு எந்த முகத்தோடு போவேன்?

அப்போது எனக்காக வந்து நின்றவர் யார்? நம் கெமிஸ்ட் மைதிலி அம்மையார்! "ஏனுங்க மாஸ்டர், அந்த உப்புல ஒரு கை அள்ளிட்டு வாங்க" என்றார். அது கழிவுநீரிலிருந்து மீட்ட புது உப்பு, கண்ணாடிக்கல் போலிருக்கும். பத்து கிராம் எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் சுட்டார். ஆறவைத்து எடை போட்டார்: ஏழு கிராம்.

"ஈரந்தானே, போதுங்க" என்றார் முதலாளி.

"போதாதுங்க. ரெண்டு எடை ஒண்ணா வர்ற வரைக்கும் நான் நம்பமாட்டேனுங்க."

மறுபடி சுட்டார்: ஐந்து. மறுபடி: நான்கு புள்ளி நான்கு. நான்காவது முறையும் அதே நான்கு புள்ளி நான்கு! பாதிக்கு மேல் அந்தப் படிகத்துக்குள்ளேயே அடங்கியிருந்த நீர்! முன்பு வந்தது நீரே இல்லாத தூள் உப்பு. நான் நூறு கிலோ போட்டது உண்மை; அதில் உப்பு நாற்பத்துநான்கு கிலோதான்.

முதலாளி அவர்களே, தலை குனியாதீர்கள். அன்றே என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டீர்கள். அது பெரிய மனசு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்காக உப்பைச் சுட்டவரை எப்படி மறப்பேன்?

போன வாரம் மருத்துவமனையில் பார்த்தேன். வலியிலும் கண்ணைத் திறந்து, "உப்பு லோடு வந்துச்சுங்களா? சுட்டுப் பாத்தீங்களா?" என்றுதான் கேட்டார். "பாத்தாச்சுங்க" என்றேன். தோழர்களே, அது பொய். அவசரத்தில் ஒரே ஒரு முறைதான் எடை போட்டிருந்தோம்.

இனி இரண்டு எடை ஒன்றாக வராத உப்பு நம் மெஷினில் விழாது. இது என் வாக்கு!

அம்மா, நீங்கள் கேட்ட அந்த லோடு மூட்டைகளை நாங்கள் இன்னும் மெஷினுக்குப் பிரிக்கவில்லை. இன்று காலை உங்கள் உதவியாளர் தரணியும் நானும் மறுபடி சுட்டோம். நான்காவது எடை, மூன்றாவதோடு ஒத்து வந்தது. அதன் பிறகுதான் இங்கே வந்தோம்.