தண்ணீரிலும் தரையிலும் தொட்டுப் பார்த்து எழுதிய முத்துப்பேச்சி அம்மையாருக்கு

எரியோட்டுக் கிணற்றில் எட்டு வயதில் குதித்து, அறுபதிலும் கரையேற மனமில்லாத ஆற்றல் அரசியே! அளவைச் சங்கிலி பிடித்த கையால் அலைநீரை அளந்த அன்னையே! திண்டுக்கல் நில அளவைப் பிரிவின் திலகமே! முப்பத்திரண்டு ஆண்டுகள் முள்ளிலும் மேட்டிலும் நடந்து முகம் சுளிக்காத முதுநிலைச் சர்வேயரே! பதினொரு வெள்ளிப் பதக்கம் பெற்றும் பொறுமை குன்றாது, பணி நிறைவுக்கு மூன்று நாள் முன்னே மாநில அரசு ஊழியர் நீச்சல் போட்டியில் தங்கம் வென்ற தாரகையே! வணக்கம், வணக்கம்!

தாங்கள் வாசலை மிதிக்குமுன் தங்கள் வருகையைக் குளோரின் வாசனை வந்து அறிவிக்கும். நீச்சல் கண்ணாடி பதித்த வட்டங்கள் தங்கள் கண்களைச் சுற்றிக் காலை பதினொரு மணிவரை நிற்கும்; மனு கொடுக்க வந்தோர், "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று எங்களைக் கேட்டதுண்டு. காதில் புகுந்த நீரை வெளியேற்ற ஆவண அறை வாசலில் தாங்கள் ஒற்றைக் காலில் துள்ள, புதிதாய்ப் பணியில் சேர்ந்த விக்னேஷ்குமார், அக்காவைத் தேள் கொட்டிவிட்டது என்று அலறிய அலறலை அடுத்த அலுவலகமும் அறியும். அளவைக் கருவியின் முக்காலியில் தங்கள் ஈர உடை காய்ந்தது. மதியம் மூவருடைய சோற்றுக்கான வெஞ்சனம் தங்கள் ஒரே தட்டில் மறைந்தது. அனைத்தையும் அன்போடு பொறுத்தோம், அன்னையே!

நிலத்தை அளந்து முடித்ததும், "கிணத்துல தண்ணி எம்புட்டு ஆழம்?" என்று தாங்கள் கேட்க, கிணற்றையும் அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறதோ என்று விவசாயிகள் வெலவெலத்துப் போவார்கள். தாங்களோ மாற்றுடையில் வந்து மேட்டிலிருந்து தொபீரென்று குதிப்பீர்கள். கிணற்றுக்காரரின் உயிர் அப்போதுதான் திரும்பி வரும்.

தாங்கள் கலந்துகொண்ட முதல் போட்டியை மறப்போமா! எரியோட்டுக் கிணற்றில் பதினான்கு கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில், ஐம்பது மீட்டர் குளத்திலும் பதினான்காவது கையில் நட்டநடுத் தண்ணீரில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தீர்கள். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இனிச் சுவரைத் தொடாமல் திரும்புவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தீர்கள். தரையிலும் அதே பிடிவாதம்தான். ஆயக்குடி கொய்யாத் தோப்பில் எல்லைக் கல் முட்புதருக்குள் இருக்க, "ஏனுங்க, கல்லு உள்ளதானுங்க இருக்குது, எழுதிக்கோங்க" என்றார் தோப்புக்காரர். தாங்கள் தவழ்ந்து உள்ளே போய், கல்லைக் கையால் தொட்டுவிட்டு, கீறிய முழங்கையோடு வெளியே வந்துதான் எழுதினீர்கள்.

இந்த வாழ்த்து மடலில் இதுவரை அச்சு. இனி வருவது என் கையெழுத்து. நான் வரைவாளர் நாசர்.

அக்கா, மேலே உள்ளதை எழுதியவனும் நான்தான். சனிக்கிழமை காலை அச்சகத்தில் உட்கார்ந்திருந்தபோது, போட்டி நடந்த குளக்கரையிலிருந்து விக்னேஷ்குமார் "அக்கா தங்கம்!" என்று செய்தி அனுப்பினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. "வெள்ளிப் பதக்கங்களின் வேந்தே" என்றிருந்த வரியை எடுத்துவிட்டுத் தங்கத்தைப் போட்டு, பத்தே நிமிடத்தில் அச்சடித்துக் கையோடு பிரேம் கடைக்குக் கொண்டு போனேன். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு விக்னேஷ் விவரமாகச் சொன்னான். உங்கள் பணி நிறைவு விழாவுக்கு இங்கே கூடியிருக்கும் எல்லாருக்கும் அதைச் சொல்லியாக வேண்டும். நூறு மீட்டர் போட்டி. பணியில் இருப்பவர்கள்தான் கலந்துகொள்ளலாம் என்பதால் இதுதான் உங்களுக்குக் கடைசி. உங்களை ஒன்பது முறை இரண்டாமிடத்துக்குத் தள்ளிய கருவூலத்துப் பாஸிலா பக்கத்துத் தடத்தில். முதல் ஐம்பது மீட்டரில் நீங்கள்தான் முன்னால். அந்த முனையில் தண்ணீருக்குள் குட்டிக்கரணம் அடித்து, இரண்டு காலாலும் சுவரை உதைத்துத் திரும்ப வேண்டும். அவசரத்தில் கொஞ்சம் முன்னதாகவே அடித்துவிட்டீர்கள். கால் வெறும் தண்ணீரை உதைத்தது. உதைக்கச் சுவர் இல்லாமல் வேகமெல்லாம் போய், பின்தங்கி, மறுபடி கையாலேயே வேகம் பிடித்து, பாஸிலாவை ஒரு கை நீளத்தில் முந்திவிட்டீர்கள். அறுபது வயதில், அக்கா! சுவரைத் தொடாததை நடுவர்கள் யாரும் பார்க்கவில்லை. உங்கள் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லியும் ஆயிற்று.

நீங்கள் சொட்டச் சொட்ட நடுவர் மேசைக்குப் போய், "சார், காலு செவுத்துல படலை. ஒரு முழம் கொறையுது. கொறைஞ்ச அளவை நெறைஞ்ச அளவுன்னு எழுதாதீங்க" என்றீர்களாம். தங்கம் பாஸிலாவுக்குப் போயிற்று. தகுதி நீக்கம் என்பதால் உங்களுக்கு வெள்ளிகூட இல்லை.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. வண்டியைத் தெருவோரம் நிறுத்திப் போனிலேயே கத்தினேன். "ஏங்க்கா, ஒருத்தரும் பாக்கலைங்கிறானே! செத்த நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?" என்றேன். "நாசரு, பிரியாணி வாங்கி வையி, பசிக்குது. வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில், கொடைரோடு தாண்டும்வரை நீங்கள் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பிக்கொண்டு வந்தீர்கள் என்று விக்னேஷ் சொன்னபோது என் கோபம் போய்விட்டது. அதற்கப்புறம் எனக்கு அழுகைதான் வந்தது.

முப்பத்திரண்டு ஆண்டுகளில் உங்கள் அளவை தவறு என்று ஒரு மனுகூட நிலைக்காதது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. எல்லைக்காக வெட்டுக்குத்து வரை போன அண்ணன் தம்பிகள்கூட, "அந்தம்மா அளந்தா சரியா இருக்கும்" என்று வீட்டுக்குப் போனார்கள். அந்த அம்மாவோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தோம் என்பதில் எங்களுக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமில்லை. பதக்கம் வந்திருந்தாலும் இம்புட்டுப் பெருமை இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். காலையில் குளமும், போகிற ஊரிலெல்லாம் நிறைந்த கிணறும், கரையேறியதும் சூடான சோறும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அச்சில் விழுந்த தவறை என்ன செய்வது? பிரேம் கடை சகாயராஜ், "புதுசா அடிச்சுத் தாரேன் சார், இது அசிங்கமா இருக்கும்" என்றார். எங்களுக்கு மனம் வரவில்லை. நம் அளவைப் புத்தகத்தில் எந்தத் தவறையும் நாம் அழிப்பதில்லை. பழையது படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கீழே சுருக்கொப்பம் இடுகிறோம். இங்கேயும் அப்படியே செய்திருக்கிறோம். "தங்கம் வென்ற" என்பதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில், "ஒரு முழம் குறைவு என்று தானே சொன்ன". அதன் கீழே பதினேழு பேரின் சுருக்கொப்பம். இடம் போதாமல் நாலைந்து ஓரத்தில் ஏறியிருக்கின்றன.

ஆனால் அளந்தவர் ஒப்பமிடாமல் எந்தத் திருத்தமும் செல்லாது. அதற்காக ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறோம். சகாயராஜ் தூசி அடையும் என்று முணுமுணுத்தும், இன்னும் கண்ணாடி போட விடவில்லை. பேனா என் சட்டைப் பையில் இருக்கிறது, அக்கா. முதலில் தொட்டுப் பாருங்கள். பிறகு ஒப்பமிடுங்கள்.

தங்கள் அளவுக்குக் கட்டுப்பட்ட,
நில அளவைப் பிரிவுப் பணியாளர்கள் பதினேழு பேர்
திண்டுக்கல்